பல் டாக்டர் பயம்: முழு மயக்கம் கொடுத்து முடித்துவிட்டால் என்ன?

தள்ளிப்போடுபவன் | 2024 ஜூன் 9, இரவு 11.20

கீழ்த்தாடை, வலப்பக்கம், முதல் கடைவாய்ப்பல். ஆர்சிடி (பல்லின் உள்நரம்பை எடுத்து அடைக்கிற வேர் சிகிச்சை) என்று சொல்லிவிட்டார்கள். பயந்தாங்கொள்ளிகளுக்கு முழு மயக்கம் கொடுத்து ஒரே மூச்சில் முடித்துவிட்டால் என்ன? ஊசியும் தெரியாது, அந்த ‘ஙீ...’ சத்தமும் தெரியாது. அது முடியாதென்றால் கிளம்பும் முன் ஒரு தூக்க மாத்திரை? “தைரியமாப் போயிட்டு வா” என்கிற பதில் மட்டும் வேண்டாம். அது வீட்டிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

கடைவாய் | ஜூன் 10, காலை 6.45

முழு மயக்கம் என்றால் எதெல்லாம் சேர்ந்து வரும் என்று பாருங்கள். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, மயக்க மருந்து நிபுணர், ஆபரேஷன் தியேட்டர். சாப்பாட்டை 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், தண்ணீரை 2 மணி நேரம் முன்பு. வாய்க்குள் வேலை என்பதால் மூச்சுக்கான டியூப் பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் போகும். எழுந்த பிறகு தொண்டை கரகரக்கும். இவ்வளவும் ஒரே ஒரு பல்லுக்கு. ஆர்சிடி முதல் நாளே முடியாமலும் போகலாம். அதற்குப் பிறகு பல்லின் மேல் மாட்டுகிற கேப்புக்கு அளவெடுக்க ஒரு முறை, மாட்ட ஒரு முறை. ஒவ்வொன்றுக்கும் தியேட்டரா?

எட்டு பத்துப் பற்கள் சொத்தையான மூன்று வயதுக் குழந்தை, சொன்னதைப் புரிந்து உட்கார முடியாத மாற்றுத்திறனாளி, வாயையே திறக்க முடியாத அளவுக்குப் பயம் முற்றிய பெரியவர்: இவர்களுக்கு முழு மயக்கம் சரியான வழி. உங்கள் கேள்வியில் அப்படி எதுவும் தெரியவில்லை.

பயம் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, உள்ளே இருக்கிற சரக்கு ஆளுக்கு ஆள் வேறு. ஊசி. சத்தம். மல்லாந்து படுத்து வாயில் தண்ணீர் தேங்குவது. வாந்தி வருகிற உணர்வு. “இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க” என்று திட்டுவார்களோ என்கிற கூச்சம். பில். எது உங்களுடையது என்று தெரியாமல் மாத்திரை தேடுவது, எந்தப் பல் வலிக்கிறது என்று பார்க்காமலே பிடுங்குகிற மாதிரி.

அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. எம்டாஸ் என்று ஐந்தே கேள்விகள் உள்ள படிவம், 1995இல் வந்தது. நாளை சிகிச்சைக்குப் போகிறீர்கள், வெளியே காத்திருக்கிறீர்கள், பல்லைக் குடையப் போகிறார்கள், க்ளீனிங் செய்யப் போகிறார்கள், மேல் கடைவாய் ஈறில் ஊசி போடப் போகிறார்கள். ஒவ்வொன்றிலும் பதற்றத்துக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 5 முதல் 25. 19 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையான பயம். ஆனால் மொத்தத்தைவிட எந்தக் கேள்வியில் 5 போட்டீர்கள் என்பதுதான் டாக்டருக்கு உதவும். போட்டுவிட்டு இங்கே எழுதுங்கள்.

மரப்பூசி | ஜூன் 10, காலை 9.10

மாத்திரை பற்றி. அல்பிரசோலாம், டயஸெபாம் எல்லாம் ஹெச்1 அட்டவணை மருந்துகள். சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாமலே சிலர் கொடுத்துவிடுவார்கள் என்பது வேறு கதை.

சட்டத்தை விடுங்கள், பிரச்சினை வேறு இடத்தில். நீங்களாக ஒன்று போட்டுக்கொண்டு, டாக்டரிடம் சொல்லாமல் சேரில் படுத்தால், அவர் கொடுக்கிற எதனோடும் அது சேரும். குறட்டை விட்டுத் தூக்கத்தில் மூச்சு நிற்கிறவர்கள், வயதானவர்கள், முந்தின இரவு மது அருந்தியவர்கள் ஆகியோருக்கு மூச்சு மந்தமாகும். சிலருக்கு நேர்மாறாக வேலை செய்யும், அடங்குவதற்குப் பதில் முறுக்கிக்கொள்வார்கள். டாக்டரே எழுதிக் கொடுத்தால் சரி: வழக்கமாக முந்தின இரவு ஒன்று, சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன் ஒன்று என்று அளவு குறைவாக இருக்கும். கூட ஒரு ஆள் கட்டாயம். அன்று முழுக்க வண்டி ஓட்டக்கூடாது, எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது.

தூக்க மாத்திரை வலியை நிறுத்தாது, இதைப் பலர் கவனிப்பதில்லை. மரப்பு ஊசி எப்படியும் உண்டு.

தள்ளிப்போடுபவன் | ஜூன் 10, இரவு 10.05

போட்டேன். நாளை 3, காத்திருப்பு 4, குடைவது 5, க்ளீனிங் 2, ஊசி 3. மொத்தம் 17. ஊசியைவிடக் குடைவதுதான் போலிருக்கிறது. “மரத்துப்போச்சா?” என்று கேட்டு, “போச்சு” என்று சொன்ன பிறகும் வலித்தால்?

கடைவாய் | ஜூன் 11, காலை 6.30

இதுதான் சரியான கேள்வி. உங்கள் பயத்தில் நியாயமும் இருக்கிறது. கீழ்க் கடைவாய்ப்பல் உண்மையிலேயே மரக்கச் சண்டி பண்ணுகிற பல்.

மேல்தாடை எலும்பு மெல்லியது, சல்லடை மாதிரி. பல்லுக்குப் பக்கத்திலேயே மருந்தை விட்டால் ஊறி வேருக்குப் போய்விடும். கீழ்க் கடைவாய்ப் பக்கம் எலும்பு கெட்டி. அதனால் தாடையின் பின்பக்கம், நரம்பு எலும்புக்குள் நுழைகிற வாசலில் மருந்தைச் செலுத்த வேண்டும். வாசல் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மேலே கீழே இருக்கும். சில மில்லிமீட்டர் தள்ளினாலும் அரைகுறைதான்.

இன்னொரு காரணம் ரசாயனம். வலித்துக்கொண்டிருக்கிற பல்லைச் சுற்றி அமிலத்தன்மை கூடியிருக்கும். மரப்பு மருந்தான லிக்னோகெயின் நரம்பின் உறைக்குள் புக வேண்டுமானால் மின்னேற்றம் இல்லாத வடிவில் இருக்க வேண்டும். அமிலத்தில் அந்த வடிவம் குறைந்துபோகும். அழற்சி உள்ள நரம்பே லேசில் அடங்காது என்பது தனி. ராத்திரியெல்லாம் தூங்கவிடாத பல்லில் முதல் ஊசி மட்டும் போதாமல் போவது அடிக்கடி நடப்பது. டாக்டருக்குக் கைராசி இல்லை என்றோ, உங்களுக்கு ஊசியே வேலை செய்யாது என்றோ அர்த்தமில்லை.

செய்ய வேண்டியது: ஊசி போட்டபின் 5 நிமிடம் காத்திருந்து உதடு மரத்ததா என்று பார்ப்பது. பாதி உதடும் முகவாயும் கனத்து, வீங்கினது போல இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசி இடம் தவறியிருக்கிறது, மறுபடி போட வேண்டும். அதற்குப் பிறகே பல்லைக் குடைகிற ஏரோட்டரை எடுக்க வேண்டும்.

மரப்பூசி | ஜூன் 11, காலை 8.00

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். உதடு மரத்தால் நரம்பு வாசலில் மருந்து போய்ச் சேர்ந்தது என்று மட்டும்தான் தெரியும். பல்லின் உள்நரம்பு மரத்ததற்கு அது சாட்சி இல்லை. உதடு 3–5 நிமிடத்தில் மரக்கும், பல்லுக்கு 10–15 நிமிடம் ஆகலாம். இந்தப் பத்து நிமிட இடைவெளியில்தான் பாதி பேருடைய பயம் பிறக்கிறது: உதடு மரத்தது, டாக்டர் ஆரம்பித்தார், சுளீர்.

குடைவதற்கு முன் ஒரு பஞ்சு உருண்டையில் குளிர் ஸ்ப்ரே அடித்துப் பல்லின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்சிடி செய்கிற கிளினிக்குகளில் பெரும்பாலும் அந்த ஸ்ப்ரே இருக்கும், பல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஊசிக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. முன்பு சுரீரென்று குளிர்ந்து, பின்பு ஒன்றுமே தெரியவில்லை என்றால் தொடங்கலாம். குளிர் தெரிந்தால் அடுத்த ஊசி. “மரத்துப்போச்சா?” என்ற கேள்விக்குப் பதட்டத்தில் யாரும் சரியாகப் பதில் சொல்ல மாட்டார்கள், பஞ்சு சொல்லிவிடும். (குளிர் தெரியாமலே போனாலும் சிலருக்கு உள்ளே போகும்போது கொஞ்சம் தெரியலாம். நூற்றுக்கு நூறு என்று எழுதினால் பொய்.)

கடைவாய் | ஜூன் 11, மதியம் 1.15

ஒப்புக்கொள்கிறேன், அவசரத்தில் பாதிதான் எழுதினேன்.

முதல் ஊசி போதாதபோது கையில் இருக்கிற அடுத்த வழிகள்: பல்லின் கன்னப் பக்கத்து ஈறில் 4% ஆர்ட்டிகெயின் என்ற இன்னொரு மரப்பு மருந்து. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள நாரில், ஒரு வேருக்கு 0.2 மி.லி. அளவு. அதிலும் கேட்காவிட்டால் பல்லைத் திறந்த சிறு துளை வழியாக நேரே உள்நரம்புக்குள். கடைசியில் சொன்னது ஒரு விநாடி நன்றாக வலிக்கும், உடனே அடங்கிவிடும். அதைப் போடுமுன் “ஒரு விநாடி வலிக்கும், ஒன்று எண்ணுங்கள்” என்று சொல்கிற டாக்டர் நல்லவர். சொல்லாமல் போடுகிறவரிடம் பேஷண்ட் திரும்பி வருவதில்லை.

இன்னொன்று: சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்பு ஐப்யூபுரூஃபன் என்ற வலி மாத்திரை 400 முதல் 600 மி.கி. போட்டிருந்தால் இந்தக் கீழ்த்தாடை ஊசி பிடிக்கிற வாய்ப்பு கூடுகிறது. இதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டே போடுங்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, டெங்கு சந்தேகக் காய்ச்சல், இவற்றில் ஏதாவது இருந்தால் கூடவே கூடாது.

தள்ளிப்போடுபவன் | ஜூன் 11, மதியம் 1.40

இத்தனை ஊசி போட்டால் விஷம் ஆகாதா?

மரப்பூசி | ஜூன் 11, மதியம் 2.05

ஒரு கார்ட்ரிட்ஜ் (ஊசி மருந்துள்ள சிறு குழல்) 1.8 மி.லி.; 2% லிக்னோகெயின் என்றால் 36 மி.கி. மிகவும் பத்திரமான கணக்கு கிலோவுக்கு 4.4 மி.கி. நீங்கள் 60 கிலோ என்றால் 264 மி.கி., ஏறக்குறைய 7 கார்ட்ரிட்ஜ். இரண்டு மூன்றுக்குக் கவலை இல்லை. 15 கிலோ குழந்தைக்கு இதே கணக்கில் 66 மி.கி., இரண்டு கார்ட்ரிட்ஜுக்கும் குறைவு. குழந்தைக்கு எடை பார்க்காமல் ஊசி போடக்கூடாது என்பது அதனால்தான்.

நெஞ்சு படபடப்பையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மருந்தில் 80,000இல் ஒரு பங்கு அட்ரீனலின் கலந்திருக்கும். மரப்பு நீடிக்கவும் ரத்தம் கசியாமலிருக்கவும். அதில் கொஞ்சம் ரத்தக் குழாய்க்குள் போனால் இரண்டு மூன்று நிமிடம் நெஞ்சு திக்திக் என்று அடிக்கும், கை நடுங்கும். பயந்த ஆள் அதைத் தன் பயம் என்றே நினைப்பார், “எனக்கு ஊசி அலர்ஜி” என்று காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். லிக்னோகெயினுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. ஊசியைக் குத்தியதும் பிஸ்டனைச் சற்றுப் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு மி.லி.க்கு ஒரு நிமிடம் என்று மெதுவாகச் செலுத்தினால் படபடப்பும் குறையும், வலியும் குறையும். இதய நோய் இருந்தால் அட்ரீனலின் குறைந்ததோ இல்லாததோ போடலாம், முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சேர்_பக்கத்தில் | ஜூன் 11, இரவு 9.30

உதவியாளர் பக்கத்திலிருந்து ஊசி பற்றி இரண்டு விஷயம், டாக்டர்கள் எழுத மறந்தது. நம்மூரில் நிறைய இடங்களில் 30 மி.லி. வயல் பாட்டிலிலிருந்து டிஸ்போசபிள் சிரிஞ்சில் மருந்தை உறிஞ்சுவார்கள். ரப்பர் மூடியைத் துளைத்த ஊசியின் முனை மழுங்கிவிடும். உறிஞ்ச ஒரு ஊசி, போட வேறு ஊசி என்று மாற்றினால் குத்துவது அவ்வளவாகத் தெரியாது. எலும்பில் முட்டிய ஊசி முனை கொக்கி மாதிரி வளையும். இரண்டாவது குத்துக்கு அதுவும் மாற வேண்டும். மாற்றச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை, ஊசி சில ரூபாய்தான்.

மேலே தடவுகிற ஜெல், ஸ்ப்ரே: ஈரமான ஈறில் தடவினால் எச்சிலோடு போய் நாக்குதான் மரக்கும். பஞ்சால் ஈறைத் துடைத்து, தடவி, ஒரு நிமிடமாவது, முடிந்தால் இரண்டு நிமிடம் விட வேண்டும். தடவின கையோடு குத்தினால் தடவியது வீண்.

அண்ணத்தில் போடுகிற ஊசிக்கு ஜெல் பெரிதாக உதவாது. அங்கே தோல் எலும்போடு ஒட்டியிருக்கிறது, மருந்து போக இடமில்லை. வாய்க்குள் பார்க்கிற கண்ணாடியின் கைப்பிடியால் அந்த இடத்தை வெளிறிப்போகும்வரை அழுத்திப் பிடித்து, அதன் ஓரத்திலேயே சில துளிகள்.

விறைப்பு | ஜூன் 11, இரவு 10.15

எங்கட பக்கம் ஈறு எண்டா முரசு, மரக்கிறது எண்டா விறைக்கிறது. “முரசில ஊசி” எண்டு சொன்னால் சென்னையில ஆக்கள் மேளத்துக்கு ஏன் ஊசி எண்டு பார்க்கினம். அது கிடக்கட்டும், எனக்கு ஒரு கேள்வி. ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிற ஆக்கள் இருக்கினமே, அவைக்கும் மூச்சை ஆழ விட்டு உடம்பைத் தளர்த்தச் சொல்லலாமோ?

மரப்பூசி | ஜூன் 12, காலை 7.20

கூடாது. அருமையான கேள்வி, ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

சாதாரணப் பதற்றத்தில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். அங்கே தளர்த்துவது சரி: 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 அல்லது 8 எண்ணி விடுவது, வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும். ரத்தம், ஊசி கண்டு மயங்குகிறவர்களுக்குச் சற்று ஏறிவிட்டுச் சட்டென்று அழுத்தம் விழும். விழுகிற அழுத்தத்தை இன்னும் தளர்த்தினால் சேரிலேயே மயங்கிவிடுவார்கள். அவர்களுக்கு நேர்மாறு: கை, வயிறு, தொடைத் தசைகளை 10–15 விநாடி இறுக்க வேண்டும், முகத்தில் சூடு ஏறும்வரை. பிறகு 20–30 விநாடி விட வேண்டும். ஆனால் துவண்டு போகக் கூடாது, சாதாரண நிலைக்கு வந்தால் போதும். இப்படி ஐந்து முறை. சுவீடனின் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் வகுத்த முறை இது. வீட்டில் ஒரு வாரம் தினமும் பழகிவிட்டு வந்தால்தான் சேரில் கைகொடுக்கும். ஊசி குத்துகிற பக்கத்து முகத்தை மட்டும் இறுக்காதீர்கள்.

படுக்கவைத்து ஊசி போடுவதும் முக்கியம். படுத்திருக்கிறவர் மயங்குவது அரிது. வெறும் வயிற்றோடு வரவே கூடாது. ‘ஊசி போடப்போறாங்க’ என்று காலையில் பட்டினி கிடந்து வருகிறவர்கள்தான் அதிகம் மயங்குகிறார்கள். பட்டினி முழு மயக்கத்துக்கும் ஆழ்ந்த தணிப்புக்கும் (மருந்தால் அரைத்தூக்கத்தில் வைப்பது) மட்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வழக்கம்போல் போட்டுவிட்டு, இட்லி தின்றுவிட்டு வாருங்கள். காபி அன்று வேண்டாம், படபடப்போடு சேர்ந்துகொள்ளும்.

கடைவாய் | ஜூன் 12, காலை 7.45

சத்தத்துக்கு: வெளிச் சத்தத்தை அடக்குகிற ஹெட்ஃபோன் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். தீர்ந்தது.

சேர்_பக்கத்தில் | ஜூன் 12, காலை 8.30

தீராது சார். அந்த வகை ஹெட்ஃபோன் பஸ் இரைச்சல், ஏசி உறுமல் மாதிரி தாழ்ந்த சத்தத்தைத்தான் நன்றாக அடக்கும். ஏரோட்டர் நிமிடத்துக்கு மூன்று நான்கு லட்சம் சுற்று சுற்றுகிறது, கீச்சென்ற மேல் சத்தம். அது முழுக்க அடங்காது. போதாக்குறைக்குப் பல்லிலிருந்து எலும்பு வழியாகவே காதுக்குள் போகிறது. காதை அடைத்தால் எலும்பு வழி வருகிற தாழ்ந்த அதிர்வு, மெதுவாகச் சுற்றுகிற மைக்ரோமோட்டருடைய ‘கடகட’, இன்னும் கூடுதலாகக் கேட்கும். விரலால் காதை அடைத்துக்கொண்டு முறுக்கு தின்று பாருங்கள், புரியும்.

கடைவாய் | ஜூன் 12, காலை 9.00

முறுக்கு சோதனை செய்து பார்த்தாயிற்று. தோற்றேன்.

சரி, ஹெட்ஃபோன் சத்தத்தை அடைக்க அல்ல, கவனத்தைத் திருப்ப. வார்த்தை உள்ள பாட்டு, பட்டிமன்றப் பேச்சு போன்றது வெறும் இசையைவிட நன்றாக இழுக்கும். ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். டாக்டர் சொல்வது கேட்க வேண்டும். இன்னொரு வழி, வாய்க்கு வெளியே ஏரோட்டரை ஓட்டிக் காட்டச் சொல்வது. சத்தம் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதி கடந்துவிடும். “இப்போ பத்து விநாடி” என்று சொல்லி ஓட்டி, சொன்னபடி நிறுத்தினால் மீதியும்.

அதோடு கைச் சைகை. இடக்கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும். ஏன் இடக்கை? வலக்கைப் பழக்கமுள்ள டாக்டர் உங்கள் வலப்பக்கம் இருப்பார். வலக்கையைத் தூக்கினால் கருவியைத் தட்டிவிடுவீர்கள். தொடங்கியதும் வலிக்காதபோதே ஒரு முறை தூக்கிப் பாருங்கள். உடனே நிறுத்தினால் அந்தச் சேரில் பயமில்லாமல் படுக்கலாம். “இதோ முடிஞ்சுது, இன்னும் கொஞ்சம்” என்றால் அந்தச் சைகைக்கு மதிப்பில்லை, அடுத்த முறை வேறு இடம் பாருங்கள்.

குமட்டல் | ஜூன் 12, மாலை 6.10

வாந்தி வருகிற ஜாதிக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. எக்ஸ்ரே ஃபிலிம் வைத்தாலே ஓங்கரிக்கிறது.

சேர்_பக்கத்தில் | ஜூன் 12, இரவு 8.45

முதலில் மூக்கு. மூக்கடைப்பு இருந்தால் வாய் வழியாகத்தான் மூச்சு, அப்போது ஓங்கரிப்பு நிச்சயம். சளி இருந்தால் தேதியை மாற்றுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே வேண்டாம், இரண்டு மணி நேரம் கழித்து.

எக்ஸ்ரே எடுக்கும் முன் நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை உப்பு. ஃபிலிமோ சென்சாரோ உள்ளே போகிற நேரத்தில் ஒரு காலைச் சேரிலிருந்து அரை அடி தூக்கி அப்படியே பிடித்திருங்கள். ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே இருந்தாலும் சரி, முனகும்போது மூச்சு மூக்கால்தான் போகும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், வேலை செய்யும். அளவெடுக்கும்போது படுக்காதீர்கள், நிமிர்ந்து உட்கார்ந்து தலையை முன்னால் சாய்த்தால் அச்செடுக்கிற மாவு தொண்டைப் பக்கம் வழியாது. மாவைக் கொஞ்சம் கெட்டியாகக் கலந்து, ட்ரேயின் பின்பக்கம் குறைவாக வைக்கச் சொல்லுங்கள். ஸ்கேனர் உள்ள கிளினிக் என்றால் மாவே வேண்டாம்.

ஆர்சிடிக்கு ரப்பர் டேம் கேளுங்கள். பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடுகிற ரப்பர் விரிப்பு அது. தண்ணீர், மருந்து, ஊசித்துணுக்கு எதுவும் தொண்டைக்குப் போகாது. மூச்சுமுட்டுகிற பயம் உள்ளவர்கள் முதலில் ஒரு நிமிடம் திணறுவார்கள், மூக்குப் பக்கம் மடித்துவிட்டால் சரியாகும். வாயைத் திறந்தே வைத்து தாடை வலித்தால் பைட் பிளாக். அதைக் கடித்துக்கொண்டால் தசைக்கு ஓய்வு.

பால்பல் | ஜூன் 13, மதியம் 3.30

பெரியவர்களுடைய பயத்தில் பெரும்பகுதி நாலு வயதில் விதைத்தது. “சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போட்ருவேன்” என்கிற வீடு, பிறகு அதே டாக்டரிடம் கூட்டி வந்து “மாமா ஒண்ணும் பண்ண மாட்டாங்க” என்றால் குழந்தை எதை நம்பும்?

முதல் பல் வந்ததும், ஒரு வயதுக்குள், வலி எதுவும் இல்லாதபோதே ஒரு முறை காட்டுங்கள். அன்று வாயைப் பார்ப்பதோடு சரி. வலியில்லாமல் இரண்டு மூன்று முறை வந்த குழந்தை பிறகு ஒரு முறை வலித்தாலும் தாங்கிக்கொள்ளும். முதல் தடவையே வலியோடு வந்த குழந்தைக்கு அது ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் ‘வலிக்காது’ என்று சொல்லாதீர்கள். அந்த வாக்கியத்தில் குழந்தைக்குக் கேட்கிற ஒரே சொல் வலி. “ஊசி, ரத்தம், பிடுங்குவது” மூன்றும் வேண்டாம். நாங்கள் சொல்வது: பல்லுக்குத் தூக்க மருந்து, தண்ணித் துப்பாக்கி, பல்லுக்குக் குளிப்பாட்டு. சொல்லி, காட்டி, பிறகு செய்வது என்ற வரிசை 1959இல் ஆடல்ஸ்டன் என்ற பல் டாக்டர் எழுதியது; இன்றும் அதைவிடச் சிறந்தது எதுவுமில்லை. நகத்தின் மேல் பிரஷைச் சுற்றிக் காட்டிவிட்டுப் பல்லில் வைப்போம். நேரம் காலை வேளை, அரை மணிக்குள்.

வீடு திரும்பிய பின்தான் நிறையக் கெட்டுப்போகிறது. மரத்த உதட்டைக் குழந்தை விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும், மறுநாள் வீங்கி வெள்ளைத்தோலாக இருக்கும், பெற்றோர் சீழ் என்று பதறுவார்கள். மூன்று நான்கு மணி நேரம் கண்ணிலேயே வையுங்கள். பென்ஸோகெயின் என்ற மரப்பு மருந்து உள்ள ஜெல்லை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தடவவே கூடாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கிற திறனைக் கெடுத்துவிடக்கூடும்.

கண்ணாடி | ஜூன் 13, மாலை 5.00

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று ஊரே சொல்கிறதே? அதையும் ஒருமுறை முடித்துவிடுங்கள்.

கடைவாய் | ஜூன் 13, இரவு 9.20

பார்வைக்கு ஒரு நரம்பு, பல்லுக்கு வேறு நரம்பு. பல்லைப் பிடுங்குவதால் பார்வை குறையாது. நாற்பதைத் தாண்டியபோது வெள்ளெழுத்தும் வரும், பல்லும் ஆடும். இரண்டும் ஒரே வருடத்தில் வந்தால் பழி பல் டாக்டர் மேல். மேல் கடைவாய் ஊசியில் மருந்து அபூர்வமாகக் கண்ணுக்குப் பக்கத்துத் தசை நரம்பைத் தொட்டு உருவம் இரண்டாகத் தெரியும், மருந்து இறங்கியதும் சரியாகிவிடும். வதந்தி அங்கிருந்து கிளம்பியதோ என்னவோ.

இதோடு சேர்த்து ‘க்ளீனிங் செய்தால் பல் ஆடும்’ என்பதும். காரை பல்லுக்குப் பல் சிமெண்ட் மாதிரி பிடித்திருக்கும். அதை எடுத்ததும் எலும்பு ஏற்கெனவே தேய்ந்துபோனதால் வந்த ஆட்டமும் சந்தும் வெளியே தெரிகிறது. காரை எடுத்ததால் வந்த ஆட்டம் அல்ல.

மரப்பூசி | ஜூன் 14, காலை 7.00

பதற்றத்தைத் தணிக்கிற சிரிப்பு வாயு (நைட்ரஸ் ஆக்சைடு) பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் 17 வாங்கியவருக்கு அது தூக்க மாத்திரையைவிடப் பொருத்தம். 1844இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர் தன் பல்லையே இதில் பிடுங்கச் சொல்லிப் பார்த்தார். அடுத்த வருடம் பாஸ்டனில் காட்டப்போன இடத்தில் பேஷண்ட் கத்திவிட, ஏளனம்தான் மிஞ்சியது.

இப்போது மூக்கில் மாஸ்க். முதலில் ஆக்சிஜன் மட்டும், பிறகு வாயுவைப் படிப்படியாகக் கூட்டிப் பெரும்பாலும் 30–50 சதவீதத்தில் நிறுத்துவார்கள். விரல் நுனி குறுகுறுக்கும், கை கால் கனக்கும், பேசினால் பதில் சொல்வீர்கள். முடிந்ததும் 5 நிமிடம் வெறும் ஆக்சிஜன், தெளிந்துவிடும். மூக்கடைப்பு, பி12 குறைபாடு, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம், அண்மையில் காது அல்லது விழித்திரை அறுவை, நாள்பட்ட நுரையீரல் நோய் இருந்தால் ஆகாது. எல்லாக் கிளினிக்கிலும் இருக்காது, போனில் கேட்டுவிட்டுப் போங்கள்.

கடைவாய் | ஜூன் 14, இரவு 10.40

பயம் மாத்திரையால் மட்டும் அடங்குகிற சங்கதி இல்லை என்பதற்கு லண்டன் கிங்ஸ் காலேஜ் குழு 2015இல் வெளியிட்ட கணக்கு ஒன்று. கடும் பயத்தோடு வந்த 130 பேருக்கு எண்ணமும் நடத்தையும் மாற்றுகிற பேச்சுச் சிகிச்சை, சராசரியாக ஐந்து அமர்வு. 79 சதவீதம் பேர் தணிப்பு மருந்தே இல்லாமல் பல் சிகிச்சை செய்துகொண்டார்கள். முதல் நாள் சேரில் உட்கார்வது, அடுத்த நாள் கண்ணாடி மட்டும் வாயில், அடுத்து க்ளீனிங் என்று படி படியாக. இதை எந்த நல்ல டாக்டரும் பெயர் வைக்காமலே செய்யலாம்.

கூடவே ஒரு சீட்டு எழுதி வையுங்கள், காரணம் இது. 1985இல் ஜெரால்ட் கென்ட் என்ற ஆய்வாளர் கவனித்தது: பயந்தவர்கள் மூன்று மாதம் கழித்து நினைவுகூர்கிற வலி, உண்மையில் பட்ட வலியைவிட, போகும் முன் எதிர்பார்த்த வலிக்குத்தான் நெருக்கமாக இருந்தது. நினைவு அப்படித் திருத்தி எழுதிக்கொள்கிறது. ஆகவே உள்ளே போகும் முன் ‘எதிர்பார்ப்பது 10க்கு எவ்வளவு’ என்று எழுதுங்கள். வெளியே வந்த ஐந்தாவது நிமிடம் பட்டது எவ்வளவு என்று எழுதுங்கள். அடுத்த முறை கிளம்பும் முன் அந்தச் சீட்டை எடுத்துப் படியுங்கள்.

தள்ளிப்போடுபவன் | ஜூன் 15, காலை 11.00

போனில் என்ன பேசுவது? ‘எனக்குப் பயம்’ என்று ரிசப்ஷனில் சொல்ல ஒரு மாதிரி இருக்கிறது. பில் பயமும் உண்டு, மேலே யாரும் அதைத் தொடவில்லை.

சேர்_பக்கத்தில் | ஜூன் 15, மதியம் 12.20

அப்படியே சொல்லுங்கள்: “பல் சிகிச்சைன்னா எனக்குப் பதற்றம் ஜாஸ்தி. முதல் நாள் பேசறதுக்கும் எக்ஸ்ரேக்கும் மட்டும் வரேன், வேலை எதுவும் வேண்டாம்.” தினமும் கேட்கிற வாக்கியம், யாரும் சிரிக்க மாட்டார்கள். அன்றைய முதல் அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள், காத்திருக்கிற நேரம் மிச்சம். உங்களுக்கு அதில் 4.

செலவை எழுதித் தரச் சொல்லுங்கள்: எக்ஸ்ரே, ஆர்சிடி, பல்லுக்குள் நிரப்பிக் கட்டுவது, கேப் எந்த வகை, தனித்தனியாக. ‘ஆர்சிடி இவ்வளவு’ என்று ஒரே எண் சொன்னால் கேப் அதில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள், நேரம் கூடுதலாகும், அவசரமாகக் குடைவதும் இருக்காது.

மரப்பூசி | ஜூன் 15, மதியம் 12.50

வலி திடீரென்று தானாக நின்றுபோனால் ‘சரியாகிவிட்டது’ என்று அப்பாயின்ட்மென்டை ரத்து செய்யாதீர்கள். உள்நரம்பு செத்திருக்கும், சீழ் பின்னால் வரும். தாடைக்குக் கீழே வீக்கம், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கக் கஷ்டம், காய்ச்சல் வந்தால் கிளினிக் இல்லை, நேரே ஆஸ்பத்திரி. அந்த வீக்கம் கழுத்து வழியாக இறங்கி மூச்சை அடைக்கக்கூடும்.

தள்ளிப்போடுபவன் | ஜூன் 15, இரவு 9.15

செவ்வாய் காலை 9.30, முதல் ஆள். பேச்சும் எக்ஸ்ரேயும் மட்டும். சீட்டில் எதிர்பார்ப்பு 8 என்று எழுதியிருக்கிறேன். குளிர் ஸ்ப்ரே இருக்கிறதா என்று கேட்டேன், ‘நீங்க டாக்டரா சார்’ என்றார்கள்.

கடைவாய் | ஜூன் 18, மதியம் 1.30

எக்ஸ்ரேக்கு 8 போட்டது நீங்கள் ஒருவர்தான். எவ்வளவு வந்தது?

தள்ளிப்போடுபவன் | ஜூன் 18, மதியம் 2.10

1. சென்சார் நாக்கடியில் குத்தியது. கால் தூக்கினேன்.